பாலினம் நிகழ்த்தப்படுவது என்றால், அடையாளம் வெறும் வேடமா?

கேள்வி: நாடக ஆய்வு மாணவர்

அனைவருக்கும் வணக்கம். நாடகக் கலையில் முதுகலை முடித்துவிட்டு, மேடையில் பெண் வேடம் ஏற்கும் ஆண் நடிகர்களைப் பற்றி ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதற்காக, பாலினமும் பாலியல்பும் இயற்கையிலேயே நிலையானவை என்ற எண்ணத்தைக் கேள்விக்கு உள்ளாக்கும் குயர் கோட்பாட்டு நூல்களைப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஓர் ஐயம் வலுத்துக்கொண்டே போவதால் இங்கே கேட்கிறேன்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் பட்லர் 1990-இல் வெளியிட்ட ‘ஜெண்டர் டிரபிள்’ நூலின் மையக் கருத்தை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: ஆண்மை, பெண்மை என்று நமக்குள் முன்கூட்டியே ஒரு சாரம் இருந்து, அதுவே நடையிலும் பேச்சிலும் வெளிப்படுகிறது என்று நம்புகிறோம். உண்மையில் அந்த நடையும் பேச்சும் உடையும் சைகையும் ஓயாமல் திரும்பத் திரும்பச் செய்யப்படுவதால்தான் உள்ளே அப்படியொரு சாரம் இருப்பதாகத் தோன்றுகிறது. பெண் வேடமிட்டு ஆடும் கலைஞர் இந்தச் செய்முறையை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறார். அவருடைய பாவனைக்கு மூலம் என்று நாம் நினைப்பதும் ஒரு பாவனையே என்பது அப்போது புலப்படுகிறது.

கருத்தளவில் இது என்னை ஈர்க்கிறது. ஆனால் இரண்டு மணி நேரம் பெண்ணாக நடித்துவிட்டு, அரிதாரத்தைக் கலைத்து, வீட்டுக்குப் போகும் நடிகரும், பெண்ணாகவே வாழும் ஒரு திருநங்கையும் இந்தக் கோட்பாட்டின் பார்வையில் ஒன்றுதானா? எல்லாரும் பாலினத்தை நிகழ்த்திக்கொண்டுதான் இருக்கிறோம் என்று எழுதினால், தன்னை இன்னார் என்று அறிந்து, அதற்காக வீட்டையும் உறவையும் இழந்து நிற்பவரைப் பார்த்து ‘நீங்களும் நடிக்கிறீர்கள்’ என்று சொன்னதாகிவிடாதா? அடையாளங்களைக் கேள்விக்கு உள்ளாக்குவதே குயர் கோட்பாட்டின் வேலை என்றால், ஓர் அடையாளத்தைச் சொல்லித்தான் உரிமையே கேட்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அது எந்த வகையில் துணை நிற்கும்? இதற்கு விடை தெரியாமல் ஆய்வேட்டின் முதல் இயலைக்கூட என்னால் எழுத முடியவில்லை.

பதில் 1: மொழியியல் ஆசிரியர்

உங்கள் கேள்விக்குள் இரண்டு வேறு கருத்துகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி உண்மையான சிக்கல், அதை மற்றவர்கள் தொடரட்டும்.

முதலாவது, நிகழ்த்துகை. ஒரு நடிகர் தான் யார் என்பதை அறிந்தே, பார்வையாளர் முன் இன்னொருவராகத் தோன்றுவது அது. இரண்டாவது, நிகழ்த்துதன்மை. சொல்லும் செயலும் தாம் குறிப்பதைத் தாமே உண்டாக்கும் ஆற்றலுக்கு அந்தப் பெயர். முன்னதில் ஆள் முதலில் இருக்கிறார், செயல் பின்னால் வருகிறது. பின்னதில், ஆள் என்று நாம் யாரைச் சுட்டுகிறோமோ அவரே அந்தச் செயல்களின் வழியாகத்தான் உருவாகிறார். பட்லரின் வாதம் பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது. அதை முதலாவதாக எடுத்துக்கொண்டதால்தான் ‘அப்படியானால் எல்லாம் நடிப்பா’ என்ற கேள்வி எழுகிறது.

இந்தக் கருத்தின் வேர் மொழித் தத்துவத்தில் இருக்கிறது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள், அவர் மறைந்த பின் 1962-இல் நூலாக வெளிவந்தன. ‘இந்தக் கப்பலுக்கு இன்ன பெயர் சூட்டுகிறேன்’, ‘இவரை என் துணையாக ஏற்கிறேன்’ போன்ற வாக்கியங்கள் எதையும் வருணிப்பதில்லை. உரிய இடத்தில் உரியவர் சொன்னால் அவை காரியத்தையே நடத்திவிடுகின்றன என்று அவர் காட்டினார். அதே உரையில் இன்னொன்றும் செய்தார். மேடையில் நடிகர் சொல்லும் மணவாக்கு உள்ளீடற்றது, மொழியின் இயல்பான பயன்பாட்டில் ஒட்டுண்ணியாக வாழ்வது என்று சொல்லி, அதைத் தன் ஆராய்ச்சியிலிருந்து ஒதுக்கி வைத்தார். நாடகம் படித்த உங்களுக்கு இந்த ஒதுக்கல் உறுத்த வேண்டும். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ழாக் டெரிடாவுக்கு அது உறுத்தியது. 1971-இல் ஆற்றிய ஓர் உரையில் அவர் வாதத்தைத் திருப்பிப் போட்டார்: ஒரு மணவாக்கு செல்லுபடியாவதே, அது முன்பு பலர் சொன்னதும் இனியும் பலர் சொல்லக்கூடியதுமான வாய்பாடாக இருப்பதால்தான். ஒரே ஒரு முறை மட்டும் சொல்லக்கூடிய, யாராலும் எடுத்தாள முடியாத ஒரு வாக்கு எந்தக் காரியத்தையும் நடத்தாது. அதனால் நடிகர் அதை மேடையில் எடுத்தாள முடிவதும், அது சடங்கில் செல்லுபடியாவதும் ஒரே பண்பிலிருந்து பிறப்பவை.

பட்லர் இதைப் பாலினத்துக்குப் பொருத்தினார். பிறந்த குழந்தையைத் தூக்கிப் பார்த்து ‘பெண் குழந்தை’ என்று ஒருவர் சொல்வது செய்தி மட்டுமன்று, அது ஒரு நீண்ட வேலையின் தொடக்கம் என்று 1993-இல் வந்த ‘பாடீஸ் தட் மேட்டர்’ நூலில் விளக்குகிறார். அதற்குப் பின் பெயர் வருகிறது, உடை வருகிறது, எப்படி உட்கார வேண்டும் என்ற அதட்டல் வருகிறது, எவ்வளவு சத்தமாகச் சிரிக்கலாம் என்ற கணக்கு வருகிறது. இவற்றில் எதையும் அந்தக் குழந்தை தேர்ந்தெடுக்கவில்லை. காலையில் எழுந்து அலமாரியைத் திறந்து, இன்றைக்கு எந்தப் பாலினத்தை உடுத்தலாம் என்று எடுத்துக்கொள்வதைப் போலத் தன் கருத்தைப் படித்தவர்களுக்கு, அதே நூலின் முன்னுரையிலேயே அவர் மறுப்பும் எழுதிவிட்டார்.

உருவாக்கப்பட்டது என்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. தாய்மொழியை எண்ணிப் பாருங்கள். அதை யாரும் பிறக்கும்போதே கொண்டுவருவதில்லை. கேட்டும் திரும்பச் சொல்லியும் திருத்தப்பட்டும்தான் அது வருகிறது. ஆனாலும் நாம் அதில்தான் நினைக்கிறோம், அதில்தான் கனவு காண்கிறோம். தாய்மொழி பேசுகிறவரைப் பார்த்து அந்த மொழி தெரிந்தவர்போல நடிக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் முதல் கேள்விக்குப் பட்லரே நேரடியாக ஒரு விடை சொல்லியிருக்கிறார். 1988-இல் ‘தியேட்டர் ஜர்னல்’ இதழில் வந்த கட்டுரையில், மேடையில் பெண் உடையில் தோன்றும் ஆணுக்குக் கைதட்டல் கிடைக்கிறது, அதே ஆள் பேருந்தில் நம் பக்கத்து இருக்கையில் அமர்ந்தால் அச்சமும் சினமும் வன்முறையும்கூடக் கிளம்பலாம் என்று எழுதுகிறார். மேடையில் ‘இது நாடகம்தானே’ என்று பார்வையாளர் தம்மைத் தேற்றிக்கொள்ள ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. பேருந்தில் அந்தக் கோடு இல்லை. ஆகவே இருவரும் ஒன்று என்று கோட்பாடு சொல்வதாக எழுதாதீர்கள். அந்தக் கட்டுரையே அந்த வேறுபாட்டைப் பார்க்கச் சொல்கிறது.

பதில் 2: மேடைக் கலைஞர்

மேலே உள்ள விளக்கம் தெளிவாக இருக்கிறது. மேடையை அறிந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். ‘மேடையில் வேடம், வெளியே வாழ்வு’ என்ற கோடு எல்லா நாடக மரபுகளிலும் ஒரே இடத்தில் விழுவதில்லை.

ஜப்பானின் மரபு நாடகமான கபுகியில் பெண்கள் மேடையேறுவது 1629-இல் தடை செய்யப்பட்டது. அதன் பின் பெண் பாத்திரங்களுக்கென்றே வளர்ந்த நடிகர்கள் ஒன்னகத்தா என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்புகழ் பெற்ற யோஷிசாவா அயாமே (1673–1729) தம் கலையைப் பற்றிச் சொன்ன குறிப்புகள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்னகத்தா அன்றாட வாழ்விலும் பெண்ணாக வாழ்ந்தால்தான் மேடையில் தேற முடியும் என்கிறார். ஒப்பனை அறையில்கூட அந்த மனநிலையை விட்டு இறங்கக் கூடாது. சாப்பிடும்போது பிறர் பார்க்காதபடி திரும்பிக்கொள்ள வேண்டும். மனைவியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் முகம் சிவக்க வேண்டும். இத்தனையும் சொன்ன அயாமேக்கு மகன்களும் இருந்தார்கள், அவர்களும் நடிகர்களானார்கள். இவரை ‘உள்ளுக்குள் யார்’ என்று கேட்டால் நம்மிடம் இருக்கும் எந்தச் சொல்லும் பொருந்தாது. பொருத்திப் பார்க்கும் அவசரமும் வேண்டாம் என்பது என் எண்ணம். அவர் விவரிப்பது ஓர் ஒழுங்குமுறை. சோறு உண்ணும் நேரத்தையும் விடாமல் நீளும் பயிற்சி அது.

இதற்கு எதிர்முனையில் சீன மேடையின் மெய் லான்ஃபாங் (1894–1961) இருக்கிறார். அவர் 1935-இல் மாஸ்கோ சென்றபோது, சிறப்பு விளக்கோ ஒப்பனையோ இன்றி, மேலைநாட்டு விருந்து உடையில் நின்றபடியே பெண் பாத்திரத்தின் அசைவுகளைச் செய்துகாட்டியதை ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் எழுதியிருக்கிறார். பிரெக்டை வியக்க வைத்தது, நடிகரும் பாத்திரமும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்ததுதான். கோட்டும் கால்சட்டையும் போட்ட ஓர் ஆணின் மணிக்கட்டில் மட்டும் ஒரு பெண் தோன்றி மறைகிறாள். அசைவுகள் கற்கக்கூடியவை, பிரித்தெடுக்கக்கூடியவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு பேருமே ‘பெண் வேட நடிகர்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் வருவார்கள். ஆய்வேட்டில் அந்தத் தலைப்பைப் பயன்படுத்தும்போது கவனமாக இருங்கள்.

பதில் 3: ஆற்றுப்படுத்துநர்

நான் ஒரு திருநங்கை. பாலின மாற்றத்தைப் பற்றி முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர்களுடன் பேசுவது என் தொழில். முதல் பதிலில் சொல்லப்பட்ட வேறுபாடு சரியானது. ஆனால் அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். கோட்பாட்டை எழுதியவர் என்ன பொருளில் எழுதினார் என்பது ஒன்று. அந்தக் கோட்பாட்டில் எங்களுக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டிருந்தது என்பது இன்னொன்று.

1990-களின் குயர் எழுத்துகளைப் படித்தால், பாலினம் கட்டமைக்கப்பட்டது என்பதை நிறுவ வேண்டிய இடங்களில் எல்லாம் எங்களைப் போன்றவர்கள் வருகிறோம். சான்றாக வருகிறோம், சான்று சொன்னதும் பக்கத்திலிருந்து அகற்றப்படுகிறோம். கனடாவைச் சேர்ந்த சமூகவியலாளர் விவியன் நமாஸ்தே 2000-இல் வெளியிட்ட தம் நூலில் இந்தக் குறையை வெளிப்படையாகச் சொன்னார். மருத்துவமனையில் எங்களை ஏற்றுக்கொள்கிறார்களா, அடையாள ஆவணத்தில் பெயரை மாற்ற முடிகிறதா, தங்கும் விடுதியில் இடம் கிடைக்கிறதா என்ற கேள்விகளைக் கேட்காமல், எங்களை உருவகமாக மட்டும் பயன்படுத்தும் ஆய்வு எங்களைக் கண்ணுக்குத் தெரியாதவர்களாக்கும் வேலையில் தானும் பங்கெடுக்கிறது என்பது அவருடைய வாதம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஜே பிராசர், பாலின மாற்றம் நாடும் பலர் எதையும் பகடி செய்ய விரும்பவில்லை, யாருடைய நம்பிக்கையையும் குலைக்க விரும்பவில்லை, தாம் தாமாக இருக்க மட்டுமே விரும்புகிறார்கள் என்று எழுதினார். ‘அது போதுமான அளவு புரட்சிகரமாக இல்லையே’ என்று கோட்பாட்டாளர் வருந்தினால், அந்த வருத்தத்தை ஆற்றுவது எங்கள் பொறுப்பாகாது.

இதைச் சொல்லிவிட்டு, நிகழ்த்துகை என்ற கருத்து எங்கள் வாழ்வை உண்மையாகவே விளக்கும் ஓர் இடத்தையும் காட்டுகிறேன். அது மேடை அல்ல, மருத்துவரின் அறை.

அமெரிக்க மருத்துவர் ஹாரி பெஞ்சமின் 1966-இல் பாலின மாற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை இதற்கெனத் தனி மருத்துவ மையம் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். யாருக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று தேர்ந்தெடுக்க மருத்துவர்களுக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. பெஞ்சமினின் விவரிப்பு அந்த அளவுகோலாயிற்று. வந்தவர்கள் சொன்ன வாழ்க்கைக் கதைகள் அந்த விவரிப்போடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போயின. காரணம் மருத்துவர்களுக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. வந்தவர்களும் அந்த நூலைப் படித்திருந்தார்கள். அது கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. எந்தப் பதில் கதவைத் திறக்கும், எந்தப் பதில் அடைக்கும் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைத் திருநங்கைக் கோட்பாட்டாளர் சாண்டி ஸ்டோன் 1991-இல் அச்சான தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் இருந்த மையமோ, வந்தவர்களைப் பெண்களாகப் பழகக் கற்றுக்கொடுக்கும் நாகரிகப் பள்ளியைப் போலவும் இயங்கியது என்றும் அதில் விளக்குகிறார்.

இங்கே யார் நடிக்கிறார்கள், யாருக்காக நடிக்கிறார்கள் என்று பாருங்கள். ‘சிறு வயதிலிருந்தே பொம்மைதான் பிடிக்கும்’ என்று ஒருவர் சொல்கிறார், ஏனென்றால் மருத்துவர் அதை எதிர்பார்க்கிறார். மரம் ஏறியதும் பிடித்திருந்தது என்பதை அவர் சொல்லாமல் விடுகிறார். தன் உடலில் தனக்குக் கிடைத்த இன்பம் எதையும் அவர் ஒப்புக்கொள்ளவே கூடாது. சிகிச்சை முடிந்ததும் பழைய வாழ்க்கையை அழித்துவிட்டு, பெண்ணாகவே வளர்ந்ததாக ஒரு கதையைப் புனைந்துகொண்டு, யாரும் அறியாமல் கூட்டத்தில் கலந்துவிட வேண்டும். அவருடைய பாலினம் பொய்யன்று. அதை மெய்ப்பிக்க அவர் சொல்ல வேண்டியிருந்த கதைதான் ஒப்பனை செய்யப்பட்டது, அந்த ஒப்பனையைக் கேட்டு வாங்கியவர்கள் மேசைக்கு மறுபக்கம் அமர்ந்திருந்தவர்கள்.

என் அறைக்கு வருபவர்கள் இன்றும் முதல் சந்திப்பில் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வரிசையில், ஒரே சொற்களில் சொல்வார்கள். அடுத்த கேள்விக்கான பதிலையும் நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். இங்கே தேர்வு எதுவும் இல்லை, மதிப்பெண் போட நான் உட்காரவில்லை என்று நம்பவைக்கவே சில சந்திப்புகள் ஆகிவிடும். அதன் பிறகுதான் குழப்பமும் சிரிப்பும் முரண்பாடும் கலந்த அவர்களுடைய சொந்தக் கதை வெளியே வரும்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை இது. பாலினத்தை எல்லாரும் நிகழ்த்துகிறார்கள் என்று தாராளமாக எழுதுங்கள். அந்த ‘எல்லாரும்’ உண்மையிலேயே எல்லாரையும் உள்ளடக்க வேண்டும். சேலை கட்டிய என்னைப் பற்றி எழுதும்போது, எதிரே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, கால் மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் மருத்துவரின் ஆண்மையும் நிகழ்த்தப்படுவதே என்று எழுதுங்கள். அவரிடம் யாரும் சான்று கேட்பதில்லை என்பதுதான் எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு. அர்ஜென்டினா 2012-இல் இயற்றிய பாலின அடையாளச் சட்டம், மருத்துவச் சான்றோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல், ஒருவர் தாமே அறிவிப்பதைக் கொண்டு ஆவணங்களைத் திருத்த வழி செய்தது. அங்கே யாருடைய அடையாளமும் கரைந்துபோய்விடவில்லை. தேர்வு நடத்தும் அதிகாரம் ஒன்றுதான் இல்லாமல் போனது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவர் அறையைப் பற்றிய பகுதியைப் படித்த பிறகு, என் கேள்வியையே தவறான இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோன்றுகிறது. ஆயினும் ஒன்று மீதம் இருக்கிறது. பெண் வேடக் கலைஞரின் பகடி பாலின விதிகளை அசைக்கிறது என்று பல நூல்களில் படிக்கிறேன். நான் பார்த்த சில நிகழ்ச்சிகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பெண்களைக் கேலி செய்து அரங்கைச் சிரிக்கவைத்ததோடு சரி. ஒரு வேடம் விதிகளை அசைக்கிறதா, கெட்டிப்படுத்துகிறதா என்று எதைக் கொண்டு முடிவு செய்வது?

பதில் 4: பண்பாட்டு ஆய்வாளர்

வேடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. மாற்றுப்பால் வேடத்துக்கும் விதிமீறலுக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை என்று பட்லரே 1993-இல் எழுதிவிட்டார். பகடியை அரசியலாக்கியவர் என்று அவரைக் குறைகூறுபவர்கள் இந்த வரியைப் பார்ப்பதில்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் மார்த்தா நஸ்பாம் 1999-இல் எழுதிய கடுமையான விமர்சனமும் பெருமளவு அந்தப் பகடி வாதத்தை நோக்கியதே. பகடியால் பசியாறாது, சட்டம் மாறாது என்று அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் மேலே ஆற்றுப்படுத்துநர் எழுதியதைப் படித்தால், யார் சான்று காட்ட வேண்டும் என்ற கேள்வியே சட்டத்தின் கேள்விதான் என்பது புலப்படும்.

உங்கள் ஆய்வுக்கு மானுடவியலாளர் எஸ்தர் நியூட்டன் 1972-இல் வெளியிட்ட ‘மதர் கேம்ப்’ நூல் இன்றியமையாதது. 1960-களின் நடுப்பகுதியில் சிகாகோ, கன்சாஸ் சிட்டி நகரங்களின் இரவு விடுதிகளில் பெண் வேடமிட்டு ஆடிய ஆண்களிடையே அவர் களப்பணி செய்தார். பட்லர் பகடியைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்காட்டுவது இந்த நூலைத்தான். அதில் கோட்பாட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் கலைஞர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்ட பிரிவினை. மேடைக் கலைஞர்கள் என்று மதிக்கப்பட்டவர்கள் தம் குரலில் பாடி, பேசி, நகைச்சுவை செய்தவர்கள். பெண்மையை மேடையோடு நிறுத்திக்கொள்வதைத் தொழில் நேர்த்தி என்று கருதியவர்கள். தெருவிலும் ஒப்பனையோடு திரிந்த இளைஞர்கள் இன்னொரு பிரிவினர். இவர்கள் பெரும்பாலும் இசைத்தட்டுக்கு வாயசைத்தவர்கள், கூலி குறைவு, காவல்துறையின் தொல்லை அதிகம். முதல் பிரிவினர் இரண்டாம் பிரிவினரைத் தாழ்வாகப் பார்த்தார்கள். ஒரு கலைஞர் பாட்டின் நடுவே பொய்க்கூந்தலைச் சட்டென்று கழற்றிக் காட்டுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அந்த அசைவைப் பார்த்தால் ‘பெண்மை கழற்றக்கூடியது’ என்ற கோட்பாடு நினைவுக்கு வரும். ‘பயப்படாதீர்கள், நான் ஆண்தான்’ என்று பார்வையாளருக்குக் கொடுக்கும் உறுதிமொழியாகவும் அதைப் படிக்கலாம். ஒரே அசைவு இரண்டையும் செய்கிறது.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் வேடமிட்டுப் போட்டியிடும் நிகழ்ச்சிகளாக வளர்ந்த பால்ரூம் பண்பாட்டை இதோடு வைத்துப் பாருங்கள். வெள்ளையர் ஆதிக்கம் செலுத்திய அழகுப் போட்டிகளில் நடந்த பாகுபாட்டை எதிர்த்தவரான கிரிஸ்டல் லாபெய்ஜா, 1972-இல் தம் பெயரில் ஓர் ‘இல்லத்தை’த் தொடங்கினார். குடும்பம் கைவிட்ட கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்களுக்கு அத்தகைய இல்லங்கள் தாயும் உடன்பிறப்பும் தரும் குடும்பங்களாயின. அங்கே நடக்கும் போட்டிப் பிரிவுகளில் ஒன்று ‘ரியல்னஸ்’. நிறுவன அதிகாரியாக, பள்ளி மாணவனாக, சாதாரணமாகத் தெருவில் போகும் பெண்ணாகத் தோன்ற வேண்டும். பகடிக்கு அங்கே மதிப்பில்லை. நடுவரின் கண் எதையும் கண்டுபிடிக்கக் கூடாது, அதுதான் வெற்றி. எல்லாவற்றையும் மிகையாக்கிச் சிரிக்கவைக்கும் வேடத்துக்கு இது நேரெதிர். காரணமும் வெளிப்படையானது: போட்டி முடிந்து அதே உடையில் வீடு திரும்பும் வழியில் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது.

இந்த உலகை ஜென்னி லிவிங்ஸ்டன் இயக்கிய ‘பாரிஸ் இஸ் பர்னிங்’ என்ற 1990-ஆம் ஆண்டின் ஆவணப்படம் வெளியே கொண்டுவந்தது. அதில் நம்மோடு பேசும் வீனஸ் எக்ஸ்ட்ராவகன்சா, படம் முடியும் முன்பே, 1988-இல் கொலை செய்யப்பட்டார். கொன்றவர் யார் என்பது துலங்கவில்லை. இவரை விதிமீறலின் சின்னமாகக் கொண்டாட எனக்கு மனம் வருவதில்லை. நல்ல வீடு, துணி துவைக்கும் இயந்திரம், கணவன் என்று அவர் விரும்பியவை அனைத்தும் சமூகம் ஒரு வெள்ளைப் பெண்ணுக்கு வாக்களிப்பவை. கறுப்பினப் பெண்ணியரான பெல் ஹூக்ஸ் 1992-இல் இதைத்தான் கேட்டார்: இங்கே போற்றப்படும் பெண்மை வெள்ளைப் பணக்காரப் பெண்மைதானே, ஒரு சமூகத்தின் சடங்கை வெளியிலிருந்து வந்த ஒரு படக்கருவி வேடிக்கையாக மாற்றிவிடுகிறதே என்று. பட்லர் அந்த விமர்சனத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டார். அதே மனிதர்கள் ‘தாய்’, ‘இல்லம்’ என்ற பழைய உறவுகளை எடுத்து, ஒருவரையொருவர் காப்பாற்றும் புதிய உறவுகளாக ஆக்கியிருக்கிறார்களே என்பதையும் சுட்டிக்காட்டினார்.

இப்படி இரண்டும் கலந்த நிலைக்கு ஹோசே எஸ்தெபான் முன்யோஸ் 1999-இல் ஒரு கருத்தாக்கத்தைத் தந்தார். ஆதிக்கப் பண்பாடு தரும் உருவத்தோடு முழுமையாக ஒன்றிவிடுவதும் அதை முழுமையாக எதிர்ப்பதும் சிறுபான்மைக் கலைஞர்களுக்குக் கட்டுப்படியாகாதபோது, அந்த உருவத்துக்குள்ளேயே நின்று, அதன் நச்சையும் அழகையும் சேர்த்தெடுத்து, தமக்கு உதவும் வகையில் அதைத் திருத்தி எழுதுகிறார்கள் என்கிறார். அசைக்கிறதா, கெட்டிப்படுத்துகிறதா என்ற உங்கள் இருவழிக் கேள்விக்கு இதுதான் எனக்குத் தெரிந்த மிக நல்ல மாற்று.

நீங்கள் பார்த்த கேலி நிகழ்ச்சிகளை ஆய்விலிருந்து விலக்கிவிடாதீர்கள். அரங்கில் யார் சிரித்தார்கள், எந்த அசைவுக்குச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பின்போது அரங்கில் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் என்று குறித்து வையுங்கள்.

பதில் 5: ஆற்றுப்படுத்துநர்

நடிகர்களை நேர்காணல் செய்யப் போவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ‘நீங்கள் உண்மையில் யார்’ என்ற கேள்வியையும், அதன் நாகரிகமான வடிவங்களையும் கேட்காதீர்கள். ஒப்பனை அறை யாருக்கு எங்கே ஒதுக்கப்படுகிறது, பெண் வேடத்துக்கும் ஆண் வேடத்துக்கும் கூலி சமமா, நிகழ்ச்சி முடிந்து எப்படி வீட்டுக்குப் போகிறார்கள், புறப்படும் முன் முகத்தில் எதையெல்லாம் துடைக்கிறார்கள், எதைத் துடைக்காமல் விடுகிறார்கள் என்று கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்ல விரும்புகிறவர் இவற்றுக்கு விடை சொல்லும்போதே சொல்லிவிடுவார். சொல்ல விரும்பாதவரின் பெயருக்கு எதிரே எந்த அடையாளத்தையும் நீங்களாக நிரப்ப வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்கிறேன். கேள்விப் பட்டியலை இன்று திருத்தி எழுதத் தொடங்கிவிட்டேன். ‘எப்போதிலிருந்து பெண் வேடத்தில் ஆர்வம்’ என்று முதலில் வைத்திருந்த கேள்வியை நீக்கிவிட்டு, ஒப்பனை அறையிலிருந்து தொடங்குகிறேன். ஆண் வேடமேற்கும் ஆண் நடிகர்கள் சிலரிடமும் அதே கேள்விகளைக் கேட்கலாம் என்றிருக்கிறேன். அவர்களும் ஆண்மையை எங்கே, யாரிடம் கற்றார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.